கறுப்புக் காப்புக்காரிகள்

உலகம்மாளின் கையில் இருந்த காப்பு இரண்டாவது தடவையும் கறுத்தது.

முதல் தடவை கறுத்தபோது, மிஷின் பழசாயிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். இந்தத் தடவை அதற்கும் வழியில்லை. குண நிர்ணய மையத்தைப் புதுசாகக் கட்டியிருந்தார்கள். தரை பளபளவென்று இருந்தது. அவள் நடந்து வந்த வழியெல்லாம் பாதத்து வெடிப்பிலிருந்து உதிர்ந்த உப்பும் சேறும் தடம் போட்டிருந்தன. ஒரு பெண் அவள் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தாள். துடைத்தவள் கையிலும் கறுப்புக் காப்புதான்.

அளவு எடுக்கிற ஐயம்பெருமாள், அவள் தலையில் கவிழ்த்திருந்த செம்புக் கிண்ணத்தை மெல்லத் தூக்கினான். அதுதான் குணமானி. ஐந்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்தால் போதும். மூளைக்குள் ஓடுவதையும் நாடிக்குள் ஓடுவதையும் சேர்த்துப் பார்த்து, சத்துவம், ராஜசம், தாமசம் என்ற மூன்று குணத்தில் எது தூக்கலாக இருக்கிறது என்று சொல்லிவிடும். சத்துவம் என்றால் தெளிந்தவர், காப்பு வெள்ளை. ராஜசம் என்றால் துடிப்பானவர், காப்பு சிவப்பு. தாமசம் என்றால் மந்தம், சோம்பல், இருட்டு, காப்பு கறுப்பு.

கருவி வந்த புதுசில் ஊரே கொண்டாடியது. இனி யாரும் யாரையும் பிறப்பைக் கேட்க வேண்டாம், குணத்தைக் கேட்டால் போதும் என்று தெருத்தெருவாக வண்டி வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். நல்ல பேச்சாகத்தான் இருந்தது. உப்பளத்துக்காரர்களும் கை தட்டினார்கள். பிறகு காப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கு நாற்காலி, சிவப்புக்கு பெஞ்சு, கறுப்புக்கு வெளியே வேப்பமரத்தடி என்றாயிற்று. வெள்ளைக் காப்புக்காரர் சொன்னால் அது சாட்சி, கறுப்புக் காப்புக்காரி சொன்னால் அது புலம்பல். யாருக்கு எந்த வேலை என்பதையும் காப்பே சொன்னது. முதலாளி வீட்டில் வெள்ளை, கங்காணி வீட்டில் சிவப்பு, உப்பு வாருகிறவள் வீட்டில் கறுப்பு என்று எல்லாம் சொல்லிவைத்த மாதிரி பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டன. கேட்டால், பார்த்தீர்களா, முன்னோர்கள் அன்றைக்கே சரியாகத்தான் பிரித்திருக்கிறார்கள் என்றார்கள்.

இதையெல்லாம்கூட உலகம்மாள் தாங்கிக்கொண்டாள். வேப்பமரத்தடி அவளுக்குப் புதுசில்லை. பிள்ளை விஷயத்தைத்தான் தாங்க முடியவில்லை.

அவள் மகள் இசக்கிக்குப் போன வருஷம் பள்ளிக்கூடத்தில் அளந்தபோது வெள்ளை வந்திருந்தது. வெள்ளைப் பிள்ளை கறுப்பு வீட்டில் வளரக் கூடாது, சேர்க்கை சரியில்லாவிட்டால் குணம் கெடும் என்று ஒரு சட்டம். தாய்க்கு மூன்று தடவை தொடர்ந்து கறுப்பு வந்தால், பிள்ளையைச் சத்சங்க இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிறுத்திக் காட்டுவார்கள். புருஷன் உப்பு லாரி கவிழ்ந்து செத்த பிறகு உலகம்மாளுக்கு இருந்ததே அந்த ஒரு உசிர்தான். அது இப்போது பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, முழங்காலில் காய்ந்த புண்ணின் பொருக்கை உரித்துக்கொண்டிருந்தது.

"யக்கா, அடுத்த தடவையும் இதே மாதிரி வந்தா என்ன ஆகும்னு தெரியும்லா?" என்றான் ஐயம்பெருமாள். "ஆடிக் கடைசியில அளவு. அன்னைக்கே பிள்ளையையும் இன்னொரு வாட்டி அளப்பாங்க. வெள்ளைதான்னு உறுதியாச்சுன்னா வாசல்லயே வண்டி நிக்கும்."

"தெரியாமலா இருக்கேன். அதுக்குத்தான தம்பி இவ்வளவு விரதம்."

"என்ன விரதம்?"

"ஒரு வாரமா ஒரு வேளைக் கஞ்சி. நேத்து அதுவும் இல்ல. உப்பளத்துல வேலையை முடிச்சிட்டு, ராத்திரி பூரா அம்மன் கோயில்ல முழிச்சிருந்து, விடியுமுன்ன பச்சைத் தண்ணியில தலைக்கு ஊத்திட்டு, செருப்புப் போடாம நடந்து வாரேன். இதுக்கு மேல எப்பிடிச் சுத்தமா வர?"

ஐயம்பெருமாள் கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"எல்லாருமே இப்பிடித்தான் வாரீங்களா?"

"பின்ன? குணத்தைப் பாக்கப்போறாக. சாமி முன்னால நிக்கிற மாதிரிதான அது. வயித்தை நெறச்சிக்கிட்டு, நல்லாத் தூங்கி எந்திரிச்சு வரச் சொல்லுதியோ?"

"ஆமாக்கா. அப்பிடித்தான் வரணும்."

அவன் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். அவன் கையில் வெள்ளைக் காப்பு. ஆனால் அவன் பேச்சில் கடற்கரை மண் இருந்தது. அவன் அப்பன் மூட்டை தூக்கினவர்.

"இந்தக் கிண்ணத்துக்குக் குணம்னா என்னன்னு யாரோ சொல்லிக்கொடுக்கணும்லா. முதல்ல மலை மேல ஆசிரமத்துல இருக்கிறவங்க தலையில வச்சாங்க. நல்லாச் சாப்பிட்டு, எட்டு மணி நேரம் தூங்கி, காத்தாட உக்காந்திருக்கவங்க. அவங்க மூளை எப்பிடி ஓடுதோ அதுதான் சத்துவம்னு இதுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. யாவாரம் பாக்கவங்க தலையில வச்சு, இது ராஜசம்னாங்க. தாமசத்துக்கு ஆள் வேணும்லா? பக்கத்துல பாலம் கட்டிக்கிட்டிருந்தாங்க. ராத்திரி வேலை முடிச்சு வந்தவங்களைக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சாங்க. அவங்க உக்காந்த உடனே கண்ணு சொக்குச்சு. இதான்யா தாமசம்னு எழுதிட்டாங்க."

உலகம்மாள் கீழே இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள்.

"அப்போ இது குணத்தைப் பாக்கல."

"அலுப்பைப் பாக்குது."

"இதைக் கண்டுபிடிச்ச உன் பெரிய டாக்டருக்கு இது தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் நெனைக்கேன். அவரு அலுத்ததே இல்லையே, எப்பிடித் தெரியும்? பழைய நூல்லயே மூணு குணமும் எல்லார்கிட்டயும் கலந்துதான் இருக்கும், நேரத்துக்கு ஒண்ணு மேல வரும்னுதான் இருக்காம். மூணு புரி சேந்த கயிறு மாதிரி. கயித்தைப் பிரிச்சு ஆளுக்கு ஒரு புரியைக் கையில கட்டிவிட்டது இவங்க வேலை." குரலை இறக்கினான். "அளத்துல வேலை இல்லாத மழைக் காலத்துல அளந்திருந்தா உங்களுக்கு வேற நிறம் வந்திருக்கும். அப்போ உங்க ரோட்டுல தண்ணி நிக்கும், அளந்துக்கிட யாரும் வாரதில்ல. யக்கா, ஒரு பதினஞ்சு நாள் அளத்துப் பக்கம் போகாம, தின்னு தூங்கிட்டு வாங்க. கறுப்பு வராது."

"பதினஞ்சு நாளு," என்றாள் உலகம்மாள். கல்யாணத்தன்றுகூடச் சாயங்காலம் வேலைக்குப் போனவள் அவள்.

இசக்கி பொருக்கை உரிப்பதை நிறுத்திவிட்டு ஐயம்பெருமாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அளத்தில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே உலகம்மாள் விஷயத்தை உடைத்தாள். வெயில் பாத்தியில் பட்டுக் கண்ணுக்குள் ஊசியாக ஏறும். பலகையை இழுத்து உப்பை வரப்பில் ஒதுக்குகிறவள் ஒருத்தி, ஓலைப் பெட்டியில் அள்ளுகிறவள் ஒருத்தி, தலைச் சுமையாக அம்பாரக் குவியலுக்குக் கொண்டுபோகிறவர்கள் வரிசையாக. யாரும் நின்று பேச முடியாது. எதிரும் புதிருமாக நடக்கும்போதே ஆளுக்கு ஒரு வாக்கியம் எறிந்துவிட்டுப் போவார்கள். ஒரு கதை சொல்லி முடிக்க ஒரு அம்பாரம் குவிந்துவிடும்.

"அலுப்பாமே," என்றாள் சண்முகக்கனி, காலிப் பெட்டியோடு திரும்பி வரும்போது. அவளுக்கும் ஒரு வெள்ளை மகள் இருந்தாள், சுந்தரி. அவளுக்கும் இரண்டு கறுப்பு ஆகியிருந்தது.

"விரதம் இருந்து இருந்து நாமளே கறுப்பை வெலைக்கு வாங்கியிருக்கோம்ட்டி," என்றாள் லூர்தம்மா. எல்லோருக்கும் மூத்தவள். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. "நான் ஜெபமாலை உருட்டிட்டுல்லா போனேன். மூணு ராத்திரி. அந்தக் கிண்ணம் என்னைக் கண்டதும் குருடாப் போச்சு, அவ்வளவு கறுப்பு."

"நீ தூங்குனாலும் கறுப்புதான்க்கா. உன் வாய்க்கு," என்றாள் சண்முகக்கனி.

"எங்க வேதத்துல நரகம் ஒண்ணுதான். செத்த பிறகு பாத்துக்கிடலாம். இங்கல்லா உசிரோட இருக்கும்போதே கையில கட்டிவிடுதான்," என்றாள் லூர்தம்மா. சுமையை இறக்கிவிட்டு வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "உலகு, நீ போய்ப் படு. உன் பாத்தியை நாங்க வாருதோம்."

"உங்களுக்கே உங்க பாத்தி முடியல."

"படுன்னா படு. பிள்ளை முக்கியமா, பாத்தி முக்கியமா?"

ஆடி பிறந்ததும் உலகம்மாள் படுத்தாள். முதல் நாள் தூக்கமே வரவில்லை. உடம்பு பழக்கத்தில் இருட்டோடு எழுந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டாம் நாள் மத்தியானம் கண் அசந்தது. மூன்றாம் நாள் எழுந்தபோது தலைக்குள் யாரோ பெருக்கிவிட்டுப் போன மாதிரி இருந்தது. முருங்கை மரத்தில் அணில் ஓடுவது கேட்டது. அந்த வீட்டில் அணில் இருப்பதே அன்றுதான் அவளுக்குத் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலம் சண்முகக்கனி வீட்டுக்கு உப்பு வாங்குகிற சாக்கில் போனாள். உப்பளத்துக்காரி வீட்டுக்கு உப்பு வாங்கப் போனதைப் பார்த்துத் தெரு சிரித்தது. சண்முகக்கனி சுவரில் சாய்ந்து கிடந்தாள். கையில் கஞ்சிக் கும்பா. ஒரு வாய் குடித்துவிட்டு, அடுத்த வாய்க்கு முன்னால் தூங்கியிருந்தாள். உலகம்மாளின் பாத்தியில் பாதி அவள் தலையில்தான் விழுந்திருந்தது. இவள் ஒருத்தி கறுப்பை விட்டு ஏற, நாலு பேர் இன்னும் ஆழமாக அதில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சுந்தரி அம்மாவின் கையிலிருந்து கும்பாவை எடுத்து வைத்துவிட்டு உலகம்மாளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

உலகம்மாள் அங்கேயே நின்று யோசித்தாள். நல்லாத் தூங்கின தலை. யோசனை தெளிவாக ஓடியது.

"ஏட்டி கனி, எந்திரி," என்று உலுக்கினாள். "எந்திரிச்சுப் பாயை விரிச்சு ஒழுங்காப் படு. நாளைக்கு நீ போகாண்டாம். யாரும் போகாண்டாம்."

"யாருமா? கங்காணி கொன்னுருவான்."

"என்னன்னு சொல்லிக் கொல்லுவான்? நாம தாமசம்லா. சோம்பேறிச் சிறுக்கிக, தூங்குமூஞ்சிகன்னு அரசாங்கமே முத்திரை குத்திக் கையில கட்டியிருக்கு. அந்த மரியாதைக்காவது தூங்க வேண்டாமா?"

அடுத்த நாள் அளத்தில் ஒரு பலகையும் அசையவில்லை.

கங்காணி நயினார் வெயில் ஏறத் தெருவுக்குள் வந்தார். வீட்டுக்கு வீடு கதவு சாத்தியிருந்தது. உள்ளே குறட்டை. லூர்தம்மா வீட்டுக் குறட்டை தெரு முனை வரை கேட்டது. அவர் கதவைத் தட்டத் தட்ட அது ஏறிக்கொண்டே போனதைப் பார்த்தால் அவ்வளவும் தூக்கம் என்று சொல்ல முடியாது.

"உலகம்மா, பாத்தியெல்லாம் இறுகிப் பாறையாப் போகுது. முதலாளி என்னை உண்டு இல்லைன்னு ஆக்குதாரு. என்ன வேணும்? சொல்லித் தொலையுங்க."

"ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. தூக்கம் வருது."

"எல்லாருக்குமா?"

"எல்லாரும் கறுப்புதான?"

நயினார் தன்னுடைய சிவப்புக் காப்பைத் தடவிக்கொண்டு நின்றார். வேறு அளத்திலிருந்து ஆள் கொண்டுவரப் போனார். அங்கே இருந்தவர்கள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, நாங்களும் கொஞ்சம் அசந்து வாரோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள் என்றால், லூர்தம்மாவின் தம்பிமார் கடலுக்குப் போகிறவர்கள். விலைபோகாத மீனைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அம்மன் கோயிலில் ஆடிக் கூழுக்குச் சேர்த்து வைத்திருந்த கம்பும் கேப்பையும் இருந்தன. சாமிக்கு ஊற்றினால் என்ன, சாமியைக் கும்பிடுகிறவளுக்கு ஊற்றினால் என்ன என்று பூசாரி பொண்டாட்டியே பானையை ஏற்றினாள். தண்ணீர் எடுக்கிறது, மீன் ஆய்கிறது எல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். தாய்மார் படுக்கிறதே இப்போது வேலை என்று பிள்ளைகளுக்கும் புரிந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து மையத்திலிருந்து பெரிய டாக்டரே வந்துவிட்டார். டாக்டர் சத்தியவாகீசன். குணமானியைக் கண்டுபிடித்த குழுவுக்குத் தலைவர். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. அதட்டிப் பேச மாட்டார். எதிரே நிற்கிறவளையும் "அம்மா" என்றுதான் அழைப்பார். நிறையப் படித்தவர், படித்ததை முழுசாக நம்புகிறவர். கோயில் முன்னால் ஆடிக்குப் போட்டிருந்த பந்தலில் பெண்கள் வரிசையாகப் படுத்திருந்ததைப் பார்த்து அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

"பாருங்கள் அம்மா. பட்டப்பகலில் இப்படிக் கிடக்கிறீர்களே. தாமசம் என்பது இதுதான். இதைத்தான் எங்கள் கருவி முன்னாலேயே கண்டுகொண்டது. உங்களைத் தாழ்த்துவது எங்கள் நோக்கம் இல்லை. அறிந்துகொண்டால்தானே ஏற முடியும்?"

உலகம்மாள் எழுந்து உட்கார்ந்து கூந்தலை முடிந்துகொண்டாள்.

"சார், தாமசம்னா சோம்பல்னுதான சொல்லுதீக?"

"ஆமாம். மந்தம். அசைவின்மை."

"நாங்க இத்தனை வருஷமா இருட்டுல எந்திரிச்சு உப்பு வாருனோமே, அப்போ எங்களுக்கு இருந்தது என்ன குணம்?"

"அது... தொழில். குணம் வேறு, தொழில் வேறு."

"அப்போவும் கறுப்புன்னீக. இப்போ படுத்திருக்கோம், இப்பவும் கறுப்புங்கீக. உழைச்சாலும் சோம்பேறி, படுத்தாலும் சோம்பேறின்னா, மனுசன் எதைத் தேர்ந்தெடுப்பான்? படுத்துக்கிடுவான்லா."

பந்தலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. அவர் யோசித்தார் என்று சொல்லவேண்டும். யோசித்துவிட்டு, "அளவு நாளில் பேசிக்கொள்வோம்" என்று காரில் ஏறினார். கார் கிளம்பினதும் உலகம்மாள் மறுபடி படுத்தாள். தூக்கம் உடனே வந்தது. அந்த நாட்களில் அவளுக்கு எது நடந்தாலும் தூக்கம் வந்தது. பல வருஷத்துத் தூக்கம் வரிசையில் நின்றது.

ஆடிக் கடைசியில் மையத்துக்குப் போனார்கள். நடக்கவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்தார்கள். காலில் செருப்பு. வயிற்றில் மீன் குழம்பும் சோறும். லூர்தம்மா ஏப்பம் விட்டுக்கொண்டே உள்ளே போனாள். பிள்ளைகளும் கூட வந்திருந்தார்கள். வாசலில் சத்சங்க இல்லத்து வண்டி நின்றது. பெரிய வெள்ளை வண்டி, உள்ளே வெள்ளை மெத்தை இருக்கை. உலகம்மாள் அதைப் பார்த்தாள். இசக்கியின் கையை இறுக்கிப் பிடித்தாள். அது சில்லென்று இருந்தது.

முதலில் சண்முகக்கனி. கிண்ணத்தை எடுத்ததும் காப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. ஐயம்பெருமாள் ஒன்றும் தெரியாதவன் மாதிரி, "சத்துவம்" என்று வாசித்தான். அடுத்தவளும் வெள்ளை. அதற்கு அடுத்தவளும். லூர்தம்மாவுக்குச் சிவப்பு. "வாய்தான்," என்றாள் பின்னால் ஒருத்தி. உலகம்மாள் உட்கார்ந்து கண்ணை மூடினாள். பிள்ளையை நினைக்கக் கூடாது, நினைத்தால் படபடப்பு ஏறும் என்று அணிலை நினைத்துக்கொண்டாள். கண்ணைத் திறந்தபோது மணிக்கட்டில் பால் மாதிரி வெள்ளை.

கூடம் சலசலத்தது. காத்திருந்த மற்ற ஊர்க்காரர்கள் எழுந்து வந்து அவள் கையைப் பார்த்தார்கள். உப்பு அறுத்த விரல்களுக்கு மேலே வெள்ளைக் காப்பு.

டாக்டர் சத்தியவாகீசன் ஒலிபெருக்கியை வாங்கினார். 

"எல்லோரும் கேளுங்கள். இந்த அளவுகள் செல்லாது. பல நாள் ஓய்வெடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஓய்வில் எல்லோருமே சாதுதான். ஓய்வு ஒரு திரை. மனிதனின் இயல்பு களைப்பில்தான் வெளிப்படும். களைத்து வரும்போது வருகிற அளவுதான் உண்மையான குணம். இன்று முதல் இந்த மையத்தில் அதுவே விதி. இவர்களுக்குப் பழைய அளவே நிற்கும்."

"அப்போ எங்களுக்கு?" என்றாள் உலகம்மாள்.

"மூன்றாவது முறையும் கறுப்பு. வருந்துகிறேன் அம்மா."

சண்முகக்கனி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐயம்பெருமாள் தலையைக் குனிந்துகொண்டான். உலகம்மாளுக்கு டாக்டரின் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. பிடித்தால் போலீஸ் வரும், பிள்ளை அந்த நிமிஷமே போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு நாள் தூங்கிச் சேர்த்த தெளிவெல்லாம் ஒரு பேச்சில் போயிற்று.

"பிள்ளைகளை அளந்து வண்டியில் ஏற்றுங்கள்," என்றார் டாக்டர்.

இசக்கி தானாகவே கையை விடுவித்துக்கொண்டு போய் நாற்காலியில் ஏறினாள். கிண்ணம் அவள் தலைக்குப் பெரிசு. புருவம் வரை இறங்கிற்று. ஐயம்பெருமாள் நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு நிமிஷத்துக்குள் இசக்கியின் தலை பக்கவாட்டில் சாய்ந்தது. நாற்காலிக் கையில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனாள்.

கிண்ணத்தை எடுத்தபோது காப்பு கரிக்கட்டை மாதிரி இருந்தது.

"தாமசம்," என்று வாசித்தான் ஐயம்பெருமாள். தன் குரலையே நம்பாதவன் மாதிரி இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "முழுத் தாமசம்" என்றான்.

சுந்தரி கறுப்பு. கோயில் தெருவிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகளும் கறுப்பு. லூர்தம்மாவின் பேத்தி நாற்காலியில் ஏறும் முன்னாலேயே நின்றபடி தூங்கினாள். வந்த பிள்ளைகள் அத்தனைக்கும் கறுப்பு.

உலகம்மாள் மகளைப் பிடித்து உலுக்கினாள். "என்னட்டி செஞ்ச?"

இசக்கி கண்ணைத் திறந்தாள். கண்ணுக்குக் கீழே மை தடவினாற்போல் கறுத்திருந்தது. இத்தனை நாளும் அதைத் தான் பார்க்கவில்லை என்று உலகம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் தூங்கிக்கொண்டல்லவா இருந்தாள்.

"தூங்கல," என்றாள் இசக்கி.

"எத்தனை நாளா?"

"முதல்ல கொஞ்சம் கொஞ்சம் தூங்கினோம். கடைசியில சுத்தமா இல்ல. நீங்கெல்லாம் படுத்த பிறகு அம்பாரத்துக்குப் பின்னால போய் ஒளிஞ்சு விளையாடுவோம், விடிய விடிய. சுந்தரி தூங்கி விழுந்தா மூஞ்சியில உப்புத் தண்ணி தெளிப்போம். காலையில சாப்பிடல. மீனைப் பூனைக்குப் போட்டோம்."

"ஏன்ட்டி?"

"உனக்கு வெள்ளை வரும்னு எனக்கு நம்பிக்கை இல்லம்மா. எனக்குக் கறுப்பு வரும்னு நம்பிக்கை இருந்துச்சு."

டாக்டர் அருகில் வந்திருந்தார். பிள்ளையின் இமையை விரலால் நீக்கிப் பார்த்தார்.

"இந்தக் குழந்தைகள் தூங்கவே இல்லை. இது வெறும் களைப்பு. இந்த அளவைக் கணக்கில் எடுக்கக் கூடாது."

கூடத்தில் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.  கையில் ஒலிபெருக்கி இன்னும் இருந்தது.

உலகம்மாள் நிமிர்ந்தாள். "களைச்சு வாரப்போ வாரதுதான் உண்மையான குணம்னு நீங்கதான சார் சொன்னீக. நாங்கெல்லாம் கேட்டோம். வெளியே வாசல்ல நிக்கிற வேப்பமரத்தடி வரைக்கும் கேட்டுச்சு."

டாக்டர் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார். படித்த மனுஷன், தன் வாக்கியத்தின் எந்த முனையில் தான் மாட்டியிருக்கிறோம் என்பது அவருக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தது. பிள்ளைகளின் களைப்பு செல்லாது என்றால் தாய்மாரின் களைப்பும் செல்லாது. தாய்மாரின் ஓய்வு செல்லாது என்றால் பிள்ளைகளின் களைப்பு செல்லும். எந்தப் பக்கம் போனாலும் வண்டி காலியாகத்தான் போக வேண்டும்.

"கறுப்புப் பிள்ளையை இல்லத்துல சேப்பீகளா?" என்று கேட்டாள் லூர்தம்மா. "மத்த வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கிடாதா?"

"அம்மா, ஒரு தாயே தன் குழந்தையின் குணத்தை இப்படிக் கெடுக்கலாமா?" என்றார் டாக்டர், உலகம்மாளைப் பார்த்து. அதில் உண்மையான துக்கம் இருந்தது.

"நான் கெடுக்கல சார். அது தானாவே கெட்டுப்போச்சு." இசக்கியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பத்து வயசுப் பிள்ளை, கனத்தது. உப்புப் பெட்டியைவிடக் கனம். "கறுப்பு அம்மைக்குக் கறுப்புப் பிள்ள. உங்க சட்டப்படியே சரியாத்தான இருக்கு. அடுத்த வருஷம் வேற விதி போடுவீக. போடுங்க. நாங்களும் ஏதாவது செய்வோம்."

ஐயம்பெருமாள் பிள்ளைகளின் அளவுகளை ஒவ்வொன்றாகப் பதிந்து முடித்தான். யாரும் அவனை நிறுத்தச் சொல்லவில்லை.

வெளியே வெயில் கொதித்தது. பிள்ளைகளில் ஒருத்திகூட நடக்கிற நிலையில் இல்லை. ஆட்டோக்காரன் ஒருவனையும் காணோம். பெண்கள் வேப்பமரத்தடியில் ஆளுக்கு ஒரு பிள்ளையைச் சுமந்துகொண்டு நின்றார்கள். சண்முகக்கனி அழுதுகொண்டே சிரித்தாள், அல்லது சிரித்துக்கொண்டே அழுதாள். உலகம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் இந்தச் சிறுக்கிக்கு முதுகில் ஒன்று வைக்க வேண்டும், பிறகு சோறு ஊட்ட வேண்டும், பிறகு இரண்டு நாளைக்கு எழுப்பவே கூடாது. நாளை மறுநாள் பாத்தியில் இறங்கியாக வேண்டும். கூழ்ப் பானை காலி. பாறையாகிப் போன உப்பைக் கடப்பாரை போட்டுத்தான் உடைக்க வேண்டும். நயினாரிடம் அதற்குத் தனிக் கூலி கேட்க வேண்டும். கேட்கலாம். இனி எதையும் கேட்கலாம் என்று தோன்றியது.

சத்சங்க இல்லத்து வண்டி வாசலிலிருந்து பின்வாங்கித் திரும்பி அவர்கள் பக்கத்தில் வந்து நின்றது. பெண்கள் பிள்ளைகளை இறுக்கிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார்கள். டிரைவர் தலையை வெளியே நீட்டினான். சிவந்த கண். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையில் கறுப்புக் காப்பு.

"காலியாத்தான் போறேன். உங்க ஊர் வழியாத்தான் போகணும். ஏறுங்க."

"மெத்தையெல்லாம் வெள்ளையா இருக்கே தம்பி," என்றாள் உலகம்மாள். "அழுக்காயிரும்."

அவன் பெரிசாக ஒரு கொட்டாவி விட்டான்.

"ஆகட்டும்."

உலகம்மாள் முதலில் ஏறி, மகளை நீட்டிப் படுக்க வைத்தாள்.